கேள்வி கேட்கும் ஊரே பாதுகாப்பான ஊர்

ஓர் ஆட்சிமுறையை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். ஆட்சி தவறு செய்தால் அதைச் சொல்ல மக்களுக்கு வழி உண்டா? சொன்ன பிறகு ஆட்சி திருந்துமா? நாட்டின் பாதுகாப்பும் வளர்ச்சியும் இந்த இரண்டையும் பொறுத்தவை.

அதிகாரம் ஒரே கையில் குவிந்தால் காரியம் வேகமாக நடக்கலாம். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையில் ரயில்கள் நேரத்துக்கு ஓடுவதாகப் பெருமை பேசப்பட்டது. அந்த நாட்களில்தான், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவே இல்லை. தந்தை ஈச்சர வாரியரின் ஆட்கொணர்வு மனு நீதிமன்றம் ஏறியது, நெருக்கடி நிலை நீங்கிய பிறகே. இந்த வழக்கால் 1977 ஏப்ரலில் கேரள முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார்.

மக்களாட்சியின் பலத்தைப் பாலக்காட்டு எல்லையில் காணலாம். 2000இல் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சுற்றுவட்டக் கிணறுகள் வற்றின. மிஞ்சிய தண்ணீரில் சோறு வடிக்க முடியவில்லை என்றனர் பெண்கள். 2002 ஏப்ரலில் மயிலம்மா முதலிய பழங்குடி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு அமர்ந்தனர். ஆலைக்கு உரிமம் கொடுத்தது பெருமாட்டி ஊராட்சி. 2003இல் அதைப் புதுப்பிக்க மறுத்ததும் அதே ஊராட்சி. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

இடுக்கியிலும் அப்படியே. 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்ததை எதிர்த்து, மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களைக்கூட அவர்கள் அண்ட விடவில்லை. 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதமே தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது. தோட்டத் தொழிலாளரைக் கங்காணிகள் மேய்த்த காலத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே இடமிருக்கவில்லை.

மக்களாட்சிக்கும் குறை உண்டு. பிளாச்சிமடையின் இழப்பு 216 கோடி ரூபாய் என 2010இல் உயர்மட்டக் குழு மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இழப்பீட்டு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்ட்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில், பாதுகாப்பான வீடு கிடைக்காத தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்களின் மேல் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. கேட்கும் உரிமை இருந்தும் கேட்பார் குறைந்த இடத்தில் ஆட்சி தூங்கிவிடுகிறது.

ஆகவே விரல் மை காய்ந்ததும் குடிமக்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. கிராம சபை கூடும் நாளில் வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும். குடிநீரையும் கூலியையும் வீட்டையும் பற்றிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.