காணிக்கை அங்கேயே இருக்கட்டும்

காலையில் ஜெபம் பண்ண உட்காருகிறோம். அந்த நேரம் பார்த்து ஒருவர் முகம் நினைவுக்கு வருகிறது. நம்மேல் மனத்தாங்கலாக இருப்பவர். அப்போது என்ன செய்வது?

மலைப்பிரசங்கத்தில் இயேசு இதற்கு வழி சொல்கிறார். மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பலிபீடத்தின் முன்னால் நிற்கும்போது இந்த நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பச் சொல்கிறார். முதலில் சமாதானம். காணிக்கை பிறகு.

அவர் இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேம் ஆலயத்தில். நடந்து போனால் சில நாள் ஆகும். அவ்வளவு தூரம் வந்தவரை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்! சமாதானம் அவருக்கு அத்தனை பெரிது.

தப்பு யார் பேரில் என்று அவர் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? முதலில் போ என்கிறார்.

பாகம் பிரித்ததில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் ஒரே சர்ச்சுக்கு வருகிறார்கள். ஒருவர் முன் பெஞ்சில், ஒருவர் கதவோரம். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். இடையில் பத்தடி தூரம்தான். முதலில் போவது யார் என்பதில்தான் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

ஆண்டவரே, முதலில் போகிற மனதை எங்களுக்குத் தாரும்.

நேயர்களே, உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். இன்றைக்கே போன் போடுங்கள். பழைய கதை எதையும் எடுக்க வேண்டாம். “சாப்பிட்டாச்சா?” என்று கேளுங்கள், போதும்.