சரக்கு யாரைத் தேடிப் போக வேண்டும்?



யுத்த காலத்துப் பங்கீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தச் சபையில் பாதிப்பேருக்கு அதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று நின்று கால் கடுத்தவர்கள் நீங்கள். மற்றப் பாதிப்பேர் சென்னையிலும் மதுரையிலும் ரேஷன் கடைக்குப் பையோடு போய் வந்த வீட்டுப் பிள்ளைகள். ஆனால் நான் வரிசையில் நின்றவரைப் பற்றிப் பேச வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாரே, ஊரெல்லாம் பதுக்கல்காரன் என்று திட்டிய சின்னக் கடைக்காரர், அவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவருக்கு மூட்டை எந்தக் கணக்கில் வந்தது? நூறு மூட்டை இறங்கினால் பெரிய கடைக்கு எத்தனை, சந்திக் கடைக்கு எத்தனை என்று யார் தீர்மானித்தார்கள்? பங்கீடு என்றாலே வாங்குகிறவரின் நியாயத்தைத்தான் பேசுகிறோம். விற்கிறவர்களுக்கு இடையிலும் ஒரு நியாயம் வேண்டும். அது தவறினால் மற்றது நிற்காது.

முதலில் நாம் நிற்கிற மண்ணைப் பாருங்கள். 1942 ஏப்ரலில் நியூசிலாந்தில் சீனிக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ். அடுத்து யூன் மாதத்தில் தேயிலை, வாரம் 2 அவுன்ஸ். நம்மில் சிலருக்கு அது ஒரு நாள் காலைக்கே காணாது. 1943 ஒக்டோபரில் பட்டர், 8 அவுன்ஸ். 1944இல் இறைச்சி. பசு மேயாத மேடு இல்லாத இந்த நாட்டில் பட்டருக்குக் கூப்பன்! பிரித்தானியாவுக்குக் கப்பலில் அனுப்ப வேண்டும் என்று தங்கள் வாயைக் கட்டினார்கள். யுத்தம் 1945இல் முடிந்தது. பட்டர்க் கூப்பன் முடிந்தது 1950இல். சனம் முணுமுணுத்திருக்கும், ஆனாலும் பொறுத்துக்கொண்டது. ஏனென்றால், ஒக்லாந்தில் ரெமுவேராவின் பெரிய வீட்டுக்கும் ஃப்ரீமன்ஸ் பேயின் ஒண்டுக் குடித்தனத்துக்கும் ஒரே கூப்பன் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கூப்பன் இல்லாத சரக்கு எப்படிப் போனது? அங்கேதான் கதை மாறுகிறது. அந்நியச் செலாவணி வற்றிப்போய், யுத்தத்துக்கு முன்னமே, 1938 டிசம்பரில் இங்கே இறக்குமதி அனுமதிப்பத்திரம் வந்துவிட்டது. யாருக்கு அனுமதி? முன்பு இறக்கியவருக்கு. எவ்வளவு? முன்பு இறக்கியதில் ஒரு பங்கு. மொத்த வியாபாரியும் தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்தக் கணக்கைத்தான் எடுப்பார். “போன வருடம் என்னிடம் எவ்வளவு எடுத்தாய்? அதில் பாதி தருகிறேன்.”

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே வீதம் வெட்டு. பொய் சொல்லவும் முடியாது, பழைய கொப்பி இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு, ஆள் நகராமல் இருந்த இடத்திலேயே இருப்பான் என்று நம்புகிறது. யுத்தத்தில் எந்த ஆள் இருந்த இடத்தில் இருந்தான்?

1942 ஏப்ரலில் சென்னையை எடுங்கள். ஜப்பான் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியானது. அரசாங்க அலுவலகங்களே ஊரை விட்டு நகர்ந்தன. மயிலாப்பூரில் இருந்த குடும்பம் கும்பகோணத்துக்குப் போய்விட்டது. பழைய கொப்பிப்படி மண்ணெண்ணெய் யாருக்குப் போகும்? ஆள் இல்லாத மயிலாப்பூர்க் கடைக்கு. கும்பகோணத்துக் கடைக்காரர் இரண்டு மடங்கு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு பாதிச் சரக்கோடு நிற்பார். பிறகு அவரைப் பதுக்கல்காரன் என்போம்!

இன்னும் கிட்ட வாருங்கள். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து இடப்பெயர்வு. இந்தத் திகதியை நான் விளக்க வேண்டியதில்லை. முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தது. விடிந்தபோது தென்மராட்சியில் இலட்சக்கணக்கில் சனம். 1990இலிருந்து பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் ஒரு போத்தல், பற்றரி ஒன்று, சவர்க்காரம் ஒரு கட்டி என்று எண்ணி எண்ணி வாழ்ந்த காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். அந்தத் தட்டுப்பாட்டோடு ஒரு பட்டணமே வந்து சாவகச்சேரி, கொடிகாமம் கடைவாசல்களில் நின்றது.

எனக்கு உறவான ஒருவர் கொடிகாமத்தில் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு முப்பது வீடுகளுக்கு என்று வைத்த கடை. அவர் முதலில் செய்த வேலை, கிலோத் தராசை உள்ளே வைத்துவிட்டு, நூறு கிராம் படிக்கல்லை வெளியே எடுத்தது. சீனி நூறு கிராம், ஒரு வீட்டுக்கு ஒரு நெருப்புப்பெட்டி, சொந்தக்காரனுக்கும் அதேதான். என் அம்மாவுக்கு அவரில் அப்போது சரியான கோபம். “மச்சான் முறையாம், ஒரு சுண்டுச் சீனி தரமாட்டானாம்!” அது கிடக்கட்டும். அவர் மறுபடி சரக்குக் கேட்கப் போனபோது பழைய கணக்குத்தான் குறுக்கே நின்றது. அவருடைய கொப்பியில் முப்பது வீடு. வாசலில் முந்நூறு.

அந்த நேரம் சனத்தைப் பட்டினியிலிருந்து காத்தது நிவாரண அட்டை. ஊர் அலுவலரான விதானையார் பதிவார், அட்டை உன்னோடு வரும், நீ எந்த மரத்தடியில் இருக்கிறாயோ அதற்குக் கிட்டவுள்ள சங்கக்கடைக்கு உன் பங்கு வரும். அதிலும் ஓட்டை இருந்தது. வெளிநாடு போனவர் பெயரிலும் செத்தவர் பெயரிலும் மா வாங்கியவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆனால் அங்கே சரக்கு ஆளைப் பின்தொடர்ந்தது. கொப்பியைப் பின்தொடரவில்லை. நான் இன்று சொல்ல வந்ததே இது ஒன்றுதான்.

இதை அரசாங்கங்கள் அறியாமல் இல்லை. பிரித்தானியாவில் 1940 ஜனவரியில் பங்கீடு தொடங்கியபோது, ஒவ்வொரு வீடும் ஒரு கடையைத் தெரிந்தெடுத்துப் பதிந்தது. எண்பது குடும்பம் பதிந்த மூலைக் கடைக்கு எண்பது குடும்பத்தின் சீனி. பெரிய நிறுவனத்தின் கிளைக்கும் அதே கணக்கு. 1941 டிசம்பரில் டின் உணவுக்குப் புள்ளி முறை வந்தபோது, புள்ளியை எந்தக் கடையிலும் செலவழிக்கலாம் என்றார்கள். இலங்கையில் வேறு வழி பிடித்தார்கள். பர்மா அரிசி 1942இல் நின்றதும், கூட்டுறவுக் கடைகளை ஊரூராகத் திறந்தார்கள். 1943இல் அவற்றுக்குச் சரக்குக் கொடுக்க வந்ததுதான் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், நம் வாயில் சதொச. வாங்குகிறவருக்கு நல்ல ஏற்பாடு. சின்னக் கடைக்காரருக்கு? அரிசி கையை விட்டுப் போனது. மிஞ்சியது சுருட்டும் தோடம்பழ இனிப்பும். சென்னையில் 1904இலேயே தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைப் பெருமையாகச் சொல்கிற நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் சங்கம் வளர்ந்த தெருவில் செட்டியார் கடை என்ன ஆனது என்று நாம் கேட்பதில்லை.  

சரி, அரசாங்கம் நியாயம் செய்யும் வரை சின்ன வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தானா? இந்த ஒக்லாந்திலேயே இரண்டு கதை இருக்கிறது.

ஒன்று, புக்கெகோகி. இங்கிருந்து தெற்கே போனால் உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளையும் செம்மண். 1920களின் நடுவில் அங்கேதான் வெள்ளை நியூசிலாந்து லீக் என்று ஒன்று தொடங்கினார்கள். சீனரும் இந்தியரும் தோட்டம் செய்யக்கூடாது, நிலம் கொடுக்காதே என்பது அவர்கள் பேச்சு. 1926இல் நியூசிலாந்து இந்திய மத்திய சங்கம் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு யுத்தம் வந்தது. 1942 யூனில் அமெரிக்கப் படை ஒக்லாந்தில் இறங்கியது. ஆயிரமாயிரம் வாய்க்கு மரக்கறி வேண்டும். 1943இல் அரசாங்கத்தின் ஊக்கத்தோடு சீனத் தோட்டக்காரர்களின் நாடளாவிய சம்மேளனம் எழுந்தது. தேவை வந்ததும் வேண்டாதவன் வேண்டியவன் ஆனான்! ஆனால் கவனியுங்கள்: தனித்தனியாக நின்றிருந்தால் ஆளுக்கொரு தரகர் வந்து ஆளுக்கொரு விலை சொல்லியிருப்பார். சம்மேளனமாக நின்றதால் ஒரே மேசையில் பேச முடிந்தது.

மற்றது, நாம் ஒவ்வொரு நாளும் கடந்து போகிற பச்சையும் மஞ்சளுமான பெயர்ப்பலகை. ஃபோர் ஸ்குவேர். 1920களில் பெரிய சங்கிலிக் கடைகள் மொத்தமாக வாங்கி விலையை அடித்தபோது, ஒக்லாந்தின் சின்னப் பலசரக்குக் கடைக்காரர்கள் ஹீட்டன் பார்க்கர் என்பவரின் முயற்சியில் சேர்ந்து வாங்கத் தொடங்கினார்கள். 1924 யூலை 4ஆம் திகதி, தொலைபேசியில் பேசிக்கொண்டே நாட்காட்டியில் 4ஐச் சுற்றி அவர் ஒரு சதுரம் கீறினாராம், பெயர் பிறந்துவிட்டதாம். கதை அழகாக இருக்கிறது, நம்பிவிடுவோம். 1935இல் அந்தக் கூட்டு ஃபூட்ஸ்டஃப்ஸ் ஆனது. ஆம், நியூ வேர்ல்டும் பாக்ன்சேவும் நடத்துகிற அதே ஃபூட்ஸ்டஃப்ஸ்! பெரியவனை எதிர்க்கக் கூடிய சின்னவர்களின் கூட்டு, நூறு வருடத்தில் அந்தப் பெரியவனாகவே உட்கார்ந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வர்த்தக ஆணைக்குழு, இந்த நாட்டின் பலசரக்குச் சந்தையில் போட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2023இல் தனிச் சட்டம் வந்தது. பெரியவர்கள் மற்றக் கடைகளுக்கும் மொத்த விலையில் சரக்குக் கொடுக்க வழி திறக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம்மில் டெய்ரி என்கிற மூலைக் கடை வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் அதை வாசித்தீர்கள்? கையை உயர்த்த வேண்டாம், வெட்கப்பட வைக்க விரும்பவில்லை.

இப்போது, நாம் கூடியிருக்கும் இந்தப் பாட்டனி டவுன்ஸுக்கு வருவோம். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் இது பெரும்பாலும் பண்ணை நிலம். இங்கே எந்தக் கடைக்கும் நீண்ட பழைய கொப்பி கிடையாது. போன வருடம் பக்கத்து ஃபிளாட் புஷ்ஷில் கடை திறந்த தம்பிக்கு ஒரு வருடக் கொப்பிதான். நாம் எல்லோருமே பிந்தி வந்தவர்கள். பழைய கணக்கில் பங்கு பிரித்தால் எப்போதும் தோற்கப் போவது நாம்தான்.

யுத்தம் இங்கே இல்லையே என்பீர்கள். யுத்தம் நடக்கிற இடத்தில்தான் தட்டுப்பாடு என்றில்லை. 2022இல் உக்ரேனில் குண்டு விழ, உலகமெங்கும் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. 2023 யூலை 20இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும், அமெரிக்காவில் நம் சனம் இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாகத் தூக்கியதைக் கைபேசியில் பார்த்தோம். பொன்னிக்கும் சோனா மசூரிக்கும் அப்படி என்றால், பருப்புக்கும் நாளை வரலாம்.

ஆகவே வணிகர்களிடம் ஒரு கோரிக்கை. சரக்குத் தாராளமாக இருக்கிற இப்போதே பேசி வையுங்கள். ஹொவிக், பக்குரங்கா, டன்னிமோரா, ஃபிளாட் புஷ் கடைகள் சேர்ந்து, நம் இறக்குமதியாளர்களிடம் ஒன்று கேட்கலாம்: தட்டுப்பாடு வந்தால் எந்த விதிப்படி பிரிப்பீர்கள் என்று இப்போதே எழுதித் தாருங்கள். முதலில் ஒவ்வொரு கடைக்கும், நேற்றுத் திறந்த கடைக்கும், சமமாக ஒரு அடிப்படைப் பங்கு. மிச்சத்தை, கடைசி மூன்று மாதத்தில் எத்தனை வீடு அந்தக் கடையில் வாங்கியது என்ற கணக்கில். எத்தனை மூட்டை என்ற கணக்கில் அல்ல, எத்தனை வீடு. அரிசி வேண்டுமென்றால் ஓடாத ஊறுகாயும் பத்துப் பெட்டி எடு என்கிற பேச்சு வேண்டாம். கடையிலும் வீட்டுக்கு ஒரு பை என்று பலகையில் எழுதிவிடுங்கள். மச்சான் முறை என்றாலும் அதேதான்.

ஒரு எச்சரிக்கை. விலையை மட்டும் தங்களுக்குள் பேசி வைக்காதீர்கள். 2021 ஏப்ரல் முதல் இந்த நாட்டில் அது குற்றவியல் குற்றம். ஏழு வருடம் வரை உள்ளே இருக்கலாம். இன்ன கடை இன்ன தெருவுக்கு என்று சந்தையைப் பிரிப்பதும் அதே பட்டியலில் வரும். சேர்ந்து வாங்குவதற்குச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் பார்த்துப் போட வேண்டும். நல்லவேளையாக இந்தச் சபையில் சட்டத்தரணிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாசலுக்குக் கிட்ட இருக்கிறார்கள், சீக்கிரம் கிளம்புகிற யோசனை போலத் தெரிகிறது. தேத்தண்ணி வருகிறது. அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.