படியளக்கும் கை

(உரையின் எழுத்து வடிவம்)



டிப்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்ற பேச்சு வந்தால் நம் கூட்டங்களிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. கொடுப்பது தொழிலாளியைக் கையேந்த வைக்கிறது, சுயமரியாதைக்கு இழுக்கு என்பது ஒரு கட்சி. பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவருக்கு இருபது ரூபாய் கொடுக்க என்ன தத்துவம் வேண்டிக்கிடக்கிறது என்பது மறு கட்சி. நான் கொடுக்கிற கட்சி. சுயமரியாதையைக் காரணம் காட்டிப் பர்ஸை மூடிக்கொள்கிற பலரை ஆயிரம் ரூபாய் பில் முன்னால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கொடுக்கிறவரின் மனசு நல்லதா கெட்டதா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தக் காசு யார் கொடுக்கவேண்டிய கூலிக்குப் பதிலாக வருகிறது என்பது பேசப்படாமல் போகிறது.

நம் மொழியில் 'படியளப்பது' என்று ஒரு சொல் இருக்கிறது. கடவுளும் படியளப்பார், பண்ணையாரும் படியளப்பார். களத்துமேட்டில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் அளந்த நெல்லை, 18ஆம் நூற்றாண்டுச் செங்கல்பட்டு ஆவணங்கள் 'மேரை', 'சுதந்திரம்' என்று குறிக்கின்றன. விளைச்சலில் அது அவர்களுடைய பங்கு. அளக்கிற கை ஆதிக்கச் சாதியின் கையாக இருந்ததால், பங்கு என்பது தயவாக மாறிப்போனது.

இதை அண்ணல் அம்பேத்கர் தெளிவாகப் பிடித்தார். பம்பாய் மாகாணத்தில் மகர்கள் வதன் முறையில் அரசாங்கத்துக்கு வேலை செய்தார்கள். சேதி கொண்டுபோவது, வரி வசூலுக்கு ஆள் கூப்பிடுவது, அதிகாரி வந்தால் எடுபிடி. இரவு பகல் கிடையாது. அவர் வீட்டில் இல்லையென்றால் குடும்பத்தில் இன்னொருவர் போகவேண்டும். இதற்குக் கிடைத்தது ஒரு துண்டு நிலமும், ஊரார் தரும் 'பலுதே' என்ற தானியமும். வேலை வாங்குவது அரசு, படியளப்பது ஊர். பொதுக்குளத்தில் தண்ணீர் எடுத்தால் ஊர் பலுதேயை நிறுத்தலாம். மகாடு குளப் போராட்டத்துக்கு அடுத்த ஆண்டு, 1928இல், இதைத் திருத்த அவர் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தானியத்தைப் பணமாக்கு, அதை அரசு வழியாக ஊதியமாகக் கொடு என்பது அதன் சாரம். மசோதா நிறைவேறவில்லை. வதன் ஒழிய 1950களின் கடைசி ஆகிவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். புல்மேன் ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்த போர்ட்டர்கள் கறுப்பினத்தவர்கள். கம்பெனி அற்பச் சம்பளம் கொடுத்து, மீதியை வெள்ளைப் பயணிகளின் டிப்ஸில் தேடிக்கொள்ளச் சொன்னது. பயணிகளோ எல்லாப் போர்ட்டரையும் முதலாளி ஜார்ஜ் புல்மேன் பெயரால் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். ஆண்டான் பெயரை அடிமைக்கு வைத்த பழக்கத்தின் மிச்சம். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் கட்டி, 1937இல்தான் ஒப்பந்தம் போட முடிந்தது. இன்றும் அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991இல் வைத்தது, அசையவே இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன.

நம் ஊர் ஓட்டலுக்கு வருவோம். ஆய்வுக்காகத் தொழிலாளர்களிடம் பேசியபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. சோம்புத் தட்டில் வைக்கும் காசு சப்ளையருக்குப் போகிறது. எச்சில் இலை எடுத்து மேசை துடைக்கிறவருக்கு, சப்ளையர் மனசு வைத்தால் உண்டு. பின்கட்டில் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு அநேகமாக இல்லை. "நம்மள யாரு பாக்குறா தம்பி, பாத்தாத்தானே குடுக்க" என்றார் ஒருவர். சோறு பரிமாறும் கை, எச்சில் தொடும் கை என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. டிப்ஸும் அந்தக் கோட்டைத் தாண்டாமலேயே நடக்கிறது.

தூய்மைப் பணியாளர்கள் தீபாவளி இனாம் கேட்டு வந்தால் "சம்பளம் வாங்குறீங்கல்ல" என்கிறோம். ஒப்பந்ததாரர் அந்த மாதச் சம்பளம் போட்டாரா என்று கேட்பதில்லை. அதே வீட்டில் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் பேச்சு மாறுகிறது. "மேல போட்டுத் தர்றேம்ப்பா, இறங்கு." ஐந்நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த வேலை, இந்த 'மேல போட்டுத் தருவதில்' நடந்துவிடுகிறது. விஷவாயு தாக்கிச் செத்தவர் யாரிடம் வேலை பார்த்தார் என்று கேட்டால், ஒருவரிடமும் இல்லை. வீட்டுக்காரர் ஏதோ இனாம் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே கொடுங்கள், மேசை துடைக்கிறவரைத் தேடிக் கொடுங்கள். அதோடு, இந்தக் கூட்டத்திடம் ஒரு கோரிக்கை. நம் வரவு செலவுக் கணக்கில் மைக் செட்டுக்கு வாடகை என்று எழுதுகிறோம். மண்டபம் கூட்டுகிறவருக்குத் தருவது 'இதரச் செலவு'. தொகையும் பொருளாளர் பையில் அன்று என்ன மிச்சமோ அதுதான். அடுத்த கூட்டத்திலிருந்து அதை முன்கூட்டியே பேசி, 'கூலி' என்று எழுதவேண்டும் என்று முன்மொழிகிறேன். பொருளாளர் தோழர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பதில் சொல்லட்டும்.