கடற்கரை ஊர்களும் பீப்பாய்ப் பியரும்

ஆங்கிலேயருக்குக் கோடைகாலம் குறுகியது. வெயில் முகங்காட்டும் அச்சில வாரங்களைக் கடற்கரையிற் கழிப்பது அவர்களிடையே நூறாண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்ட வழக்கம். பகலிலே குழந்தைகள் மணற்கோட்டை கட்டுவர். பெற்றோர் காற்றுக்கு மறைவாகத் துணித்திரை நாட்டி அமர்ந்திருப்பர். முதியோர் புதினப் பத்திரிகையை முகத்தின்மேற் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உறங்குவர். மாலையானதும் ஊருக்குள்ளே நடந்து சென்று, அங்குள்ள 'பப்' ஒன்றிற் புகுந்து, அந்த ஊருக்கே உரிய பியரைச் சுவைத்துப் பார்ப்பது பலருடைய விடுமுறையில் ஒரு பகுதியாகும்.

இதனைக் கேட்டதும் நேயர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தவறணையைப் பற்றிப் பேசவும் வேண்டுமோ என்பர். ஆயினும், 'பப்' என்பது 'பொது இல்லம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் நன்று. கிராமத்து மக்கள் ஒருவரையொருவர் கண்டு, வானிலையையும் விளைச்சலையும் பற்றிப் பேசி, வழக்குத் தீர்த்து, இறந்தவரை நினைவுகூரும் இடம் அது. அங்கே கொடுக்கப்படும் பானத்துக்கும் அங்கே கூடும் மக்களுக்கும் இடையில் உள்ள தொடர்பு, மது அருந்தாதோரும் அறியத்தக்க ஒன்று.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியிலே, சவுத்வோல்ட் என்றொரு சிற்றூர் உண்டு. 1659ஆம் ஆண்டிலே பெருந்தீ ஒன்று இவ்வூரை அழித்தது. அதன் பின்னர் வெறுமையாக விடப்பட்ட நிலங்களே இன்று ஊரின் நடுவே பசும்புற்றரைகளாக விளங்குகின்றன என்பர். 1672ஆம் ஆண்டில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் ஒல்லாந்தரோடு பொருத கடற்போர் இவ்வூருக்கு எதிரேயுள்ள விரிகுடாவில் நிகழ்ந்தது. 1890ஆம் ஆண்டில் ஒளிதரத் தொடங்கிய வெண்ணிறக் கலங்கரை விளக்கம், கரையிலே தனித்து நில்லாமல், வீடுகளின் நடுவே அயலவர்போல் நிற்கின்றது. அதற்கு அண்மையிலேயே அட்னம்ஸ் என்னும் பியர்ச்சாலை உளது. அட்னம்ஸ் சகோதரர் இருவர் 1872ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கினர். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரையில், அங்கிருந்து ஊரிலுள்ள பப்புகளுக்குப் பீப்பாய்கள் குதிரை வண்டியிலேயே சென்றன. காற்று வீசும் திசைக்கேற்ப, உப்பு மணத்தோடு வேகும் தானியத்தின் இனிய மணமும் தெருக்களிற் கமழும்.

இத்தகைய ஊரில் விடுமுறைக்கு வந்தவர் தேடுவது 'றியல் ஏல்', அதாவது உண்மையான ஏல் எனப்படும் பியரை. அது எவ்வாறு ஆக்கப்படுகின்றது? வாற்கோதுமையை நனைத்து, முளைக்கச் செய்து, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைக்கின்றனர். வடித்தெடுத்த இனிய நீரை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு சேர்த்துக் கொதிக்கவைக்க, கசப்பும் மணமும் உண்டாகின்றன. ஆறிய பின் மதுவம் சேர்க்கப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அந்த நுண்ணுயிர், வெல்லத்தை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றது. இதுவரையில் எல்லாப் பியருக்கும் முறை ஏறக்குறைய ஒன்றே. வேற்றுமை இதன் பின்னரே தோன்றுகின்றது. உண்மையான ஏலிலே மதுவம் வடித்து நீக்கப்படுவதில்லை. அது உயிரோடு பீப்பாய்க்குட் சென்று, அங்கே இரண்டாம் முறையும் நொதித்தலை நடத்துகின்றது. பியரில் எழும் மெல்லிய நுரை அதனால் விளைவது. புறத்தேயிருந்து வாயு புகுத்துவதில்லை.

ஆகவே, பியர்ச்சாலையில் தொடங்கிய வேலை பப்பின் நிலவறையிலேதான் முடிவடைகின்றது. அந்த அறை 11 முதல் 13 பாகை செல்சியசு வரையான குளிர்ச்சியில் இருத்தல் வேண்டும். பீப்பாயை அசையாது கிடத்தி, மேலுள்ள துளையில் மென்மரத்தாலான சிறு முளையைச் செருகினால், மிகையான வாயு அதன் வழியே மெல்ல வெளியேறும். வாயு அளவோடு நின்றதும், அதை எடுத்துவிட்டு வன்மரத்தாலான முளையை இறுக்குவர். பியரைத் தெளிய வைப்பதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒருவகைப் பசையைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். புலால் உண்ணாதோரை முன்னிட்டு, அது சேர்க்காமல் ஆக்கும் சாலைகளும் இப்பொழுது உள்ளன. என்று திறப்பது, எவ்வளவு பொறுப்பது என்பவற்றை நிலவறைக்குப் பொறுப்பானவர் தம் மூக்காலும் நாவாலுமே அறிந்துகொள்கின்றார்.

இனி, பீப்பாயிலிருந்து பியரை இறைக்கும்தோறும் அவ்விடத்தை நிரப்பக் காற்று உட்புகும். காற்றுப் பட்ட பியர் நெடுநாள் நில்லாது. ஏறக்குறைய மூன்று நாட்களில் அதன் சுவை கெடத் தொடங்கும். காலையில் இறக்கிய கள் மாலையிற் புளிப்பதை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. வழக்கமான பீப்பாய் ஒன்று 9 கலன், அதாவது 72 பைந்து, கொள்ளும். மூன்று நாட்களில் அது முடிய வேண்டுமாயின் நாளொன்றுக்கு 24 பைந்து செலவாதல் வேண்டும். அயலவர் வந்தாற் பியர் நன்றாயிருக்கும்; பியர் நன்றாயிருந்தால் அயலவர் வருவர். கூட்டம் குறைந்தாலோ பியர் புளிக்கும். புளித்த பியரைச் சுவைத்தவர் மறுநாள் வாரார். நல்ல பப்புகள் தழைப்பதும் தளர்வதும் இந்தச் சிறு கணக்கிலே தங்கியுள்ளன.

இக்கணக்கின் தொல்லையைத் தவிர்க்கவே பெரிய பியர்ச்சாலைகள் 1960ஆம் ஆண்டுகளில் வேறொரு முறையைப் பரப்பின. பியரை வடிகட்டி, வெப்பமூட்டி, மதுவத்தை ஒழித்து, உலோகக் கலத்தில் அடைத்து, வாயுவின் அமுக்கத்தால் வெளியேற்றும் முறை அது. அதில் நன்மை இல்லையென்று சொல்வதற்கில்லை. அது வாரக்கணக்கிற் கெடாது. எவ்வூரிலும் ஒரே சுவையாயிருக்கும். பழக்கமில்லாதவரும் அதை ஊற்றிக் கொடுக்கலாம். ஆயின், ஒவ்வோர் ஊருக்கும் உரிய சுவை மறைந்து போவதைப் பலர் கண்டு வருந்தினர்.

அவ்வருத்தம் ஓர் இயக்கமாக உருப்பெற்றதும் ஒரு கடற்கரை விடுமுறையிலேயாகும். 1971ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியைச் சேர்ந்த இளைஞர் நால்வர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு உல்லாசப் பயணம் போயினர். கெரி பகுதியில், அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கி நிற்கும் டன்குவின் என்னுஞ் சிற்றூரின் பப் ஒன்றில் அமர்ந்து, பழைய ஏலைக் காக்கவென ஒரு சங்கத்தை நிறுவினர். பொழுதுபோக்காகத் தொடங்கிய அச்சங்கம் 1973ஆம் ஆண்டில் 'உண்மை ஏல் இயக்கம்' என்னும் பொருள்படும் பெயரைப் பூண்டது. பின்னர் இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினரைப் பெற்றது. சாதாரண மக்கள், 'எமக்கு இதுவே வேண்டும்' என்று விடாது கேட்டமையாலேயே, அழிந்துபோக இருந்த ஒரு கைத்தொழில் பிழைத்தது.

எனினும் பப்புகள் மூடப்படுவது நின்றுவிடவில்லை. வீட்டிலிருந்தே குடிப்போர் பெருகினர்; வரியும் வாடகையும் ஏறின. இதற்கு ஒரு விடை கென்ற் பகுதியின் கடலோரத்திலிருந்து வந்தது. ஹேர்ண் பே என்னும் கடற்கரைப் பட்டினத்துக்குச் சற்று உள்ளேயுள்ள ஹேர்ண் கிராமத்தில், முன்பு இறைச்சிக் கடையாயிருந்த ஒரு சிற்றறை 2005ஆம் ஆண்டில் பப்பாக மாறியது. அனுமதிப்பத்திரச் சட்டம் அவ்வாண்டிலே தளர்ந்தமை அதற்கு வழிசெய்தது. இசைப்பெட்டி இல்லை, சூதாட்டப் பொறி இல்லை, பீப்பாயிலிருந்து நேரே ஊற்றிய ஏலும், ஒருவரோடொருவர் பேசாமல் இருக்க இயலாத அளவுக்கு நெருக்கமும் இருந்தன. சிறிய அறைக்குச் சிறிய கூட்டமே போதும், கணக்குச் சரிவந்தது. மார்கேற், றாம்ஸ்கேற், புறோட்ஸ்டெயர்ஸ் முதலிய கடற்கரைப் பட்டினங்களிலும், பின்னர் நாடெங்கும், இவ்வகைச் சிறு பப்புகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

பியருக்கும் மக்களுக்கும் உள்ள தொடர்பு 2020ஆம் ஆண்டில் ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. கொள்ளைநோய் காரணமாக மார்ச்சு மாதம் 20ஆந் திகதி பப்புகள் யாவும் மூடப்பட்டன. நிலவறைகளில் இருந்த ஏலை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அருந்துவார் இன்மையால் அது பீப்பாய் பீப்பாயாகக் கொட்டப்பட்டது. சூலை மாதம் 4ஆந் திகதி இங்கிலாந்தில் கதவுகள் மீண்டும் திறந்தன. ஆனால், திறவாமலே போன கதவுகளும் உண்டு.

இவற்றையெல்லாம் அறிந்த பிரயாணி சவுத்வோல்டில் மாலை நேரத்தைக் கழிக்கும் முறையே வேறு. அவர் பெருங்கிண்ணம் கேட்பதில்லை. அரைப் பைந்து கேட்கின்றார். அதிலும் ஐயமிருந்தால், சிறிது சுவைத்துப் பார்க்கத் தருமாறு கேட்பதில் இழுக்கில்லை. முதலில் விளக்கொளியிற் பிடித்துத் தெளிவைப் பார்க்கின்றார். பிறகு மணத்தை முகர்ந்து, மெல்லப் பருகுகின்றார். ஒன்றில் உலர்ந்த கசப்பு. கடற்போரின் நினைவாகப் பெயரிடப்பட்ட மற்றொன்றில் கருகிய வெல்லமும் உலர்பழமும் போன்ற சுவை. பின்னர் ஆற்றுமுகத்தை நோக்கி நடந்து, 'ஹாபர் இன்' என்னும் பப்பை அடைகின்றார். அதன் சுவரிலே 1953ஆம் ஆண்டுக் கடற்பெருக்கு ஏறிய உயரம் குறிக்கப்பட்டுள்ளது. அவ்விரவில் இவ்வூரில் ஐவர் மாண்டனர்.

அந்த அடையாளத்தைப் பற்றி அவர் வினவினால், அருகே அமர்ந்திருக்கும் முதியவர் கதை சொல்லத் தொடங்குவார். கதை முடியுமுன் கிண்ணம் வெறுமையாகிவிடும். 72 பைந்திலே அரைப் பைந்து அன்று அவராற் குறைந்தது. மறுநாள் வருபவருக்குக் கெடாத பியர் கிடைப்பதற்கு அவரும் தம் பங்கைச் செய்துவிட்டார்.