ஒரே லயம், ஒரே மனு. தாமதம் மட்டும் ஏன் வேறு வேறு?
(அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பக்கத்துக் காம்பராக்காரருக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. நாங்களும் அதே காலத்தில்தான் மனுப் போட்டோம். எங்களுக்கு ஏன் இன்னும் வரவில்லை?" நமது பெரியவர்கள் பல வருடங்கள் கேட்ட கேள்வி இது. பலர் தலைவிதி என்று இருந்துவிட்டார்கள். ஆனால் அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதற் காரணம் அத்தாட்சி. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி மனுப் போடக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போனன. பதிவு கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். இடைவிடாமல் இந்த நாட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரே தோட்டத்துச் செக்ரோலில் பெயர் தொடர்ந்து இருந்தவருக்கு அது சுலபம். மூன்று தோட்டம் மாறியவருக்கோ, ஊருக்குப் போய் வந்தவருக்கோ விசாரணைக்கு மேல் விசாரணை.

இரண்டாவது காரணம் நம் கையிலேயே இருக்கவில்லை. 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அந்தப் பக்கம் ஏழு பேர் என்றால் இந்தப் பக்கம் நான்கு பேர் என்பது கணக்கு. 1971இல் சட்டத்தைத் திருத்தி, கப்பலேறிப் போனவர்களை வைத்தே அந்தக் கணக்கைப் பார்த்தார்கள். ஆகவே இங்கே மனுப் போட்டவரின் பத்திரங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், வேறொரு குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. 1984இல் கப்பலும் நின்றது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் 1964 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததிக்கும் பொதுவாக உரிமை கொடுத்தது. ஆளுக்கொரு விசாரணை என்ற நிலை மாறியதும் இழுபறியும் குறைந்தது.

இன்று நமது பிள்ளைகள் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர் என்றால் அந்த விண்ணப்பம் பின்தங்கிவிடும். எழுத்துப் பிழைகளை முதலிலேயே திருத்திக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் பிரதி வையுங்கள். திகதி போட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் தாமதமானால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்போம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்த உரிமை இந்நாட்டுப் பிரஜைகளுக்கு உரியது. நமது பெரியவர்கள் காத்துக் காத்துப் பெற்றுத் தந்த பிரஜாவுரிமை அது. அதைக்கொண்டு காரணம் கேட்போம், தோழர்களே!