கடைக்காரர் லிப்டன்

அரநாயக்கவின் மலைச்சரிவுகளிலே தேயிலையும் றப்பரும் மிளகும் அடுத்தடுத்து வளர்கின்றன. அங்கே கொழுந்தெடுக்கும் கைகள் உண்டு. கொழுந்தை நிறுத்து வாங்கும் கைகள் உண்டு. தேயிலைத்தூளைப் பொட்டலமாக விற்கும் கைகளும் உண்டு. இத்தனை கைகளைக் கடந்தே ஒரு கோப்பைத் தேநீர் நம் உதட்டை அடைகிறது. இவற்றுள் விற்ற கை ஒன்றை உலகம் நன்கறியும். அது தாமஸ் லிப்டன் என்னும் பலசரக்குக் கடைக்காரரின் கை. அவர் வரலாறு மலைநாட்டுத் தமிழர்க்கு வேற்றார் கதை அன்று.

லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வெண்ணெயும் முட்டையும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினர். தாயின் கை சிறியது. ஆதலால் முட்டையைத் தாயே எடுத்துக் கொடுத்தால் அது பெரிதாகத் தோன்றுமென்று சிறுவன் தந்தைக்கு யோசனை சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. வணிகம் அவருக்கு விளையாட்டாகவே வாய்த்தது. ஆயினும் அவர் மனம் கடைக்குள் அடங்கவில்லை. கிளைட் ஆற்றுத் துறையிலே கப்பல்களைப் பார்த்து நிற்பதே அவருக்குப் பேரின்பம். இளமையிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் கூலிக்கு உழைத்தார்; பின்பு நியூயோர்க்கில் ஒரு கடையிலே தொழில் பயின்றார். ஊர் திரும்பி 1871இல் சொந்தக் கடை திறந்தார்.

வருவோரை முகமலர்ந்து வரவேற்பதும், வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கவைப்பதும் அவர் இயல்பு. பெரிய பாற்கட்டியொன்றை வருவித்து, அதனுள் பொற்காசுகளைப் புதைத்துத் துண்டு போட்டு விற்றபோது ஊரே கடைமுன் திரண்டது. கடைகள் ஒன்று பத்தாகி, பத்து நூறாயின.

அவர் இலங்கைக்கு வந்தது 1890இல். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பிப் பயிர் அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. அப்புத்தளையை அடுத்த தம்பேதன்ன முதலிய தோட்டங்களை அவர் வாங்கினார். இடைத்தரகரை நீக்கி, சிறு பொட்டலங்களிலே குறைந்த விலைக்குத் தேயிலை விற்றார். செல்வர் வீட்டுப் பானம் ஏழைத் தொழிலாளியின் அடுக்களைக்கும் சென்றது. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவருடைய விளம்பர வாசகம்.

திறந்த வெளியின்மேல் அவர் கொண்ட காதல் முதுமையிலும் குன்றவில்லை. தம்பேதன்ன மலையில், ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில், அவர் அமர்ந்து இயற்கையைக் கண்டு களித்த இடம் இன்றும் லிப்டன் இருக்கை என்றே வழங்குகிறது. வானம் தெளிந்த காலையில் சப்ரகமுவ மலைகளின் திசைவரை அங்கிருந்து கண்ணோட்டலாம். கடலிலோ, அமெரிக்கக் கிண்ணம் என்னும் பாய்க்கப்பற் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்துமுறை கலந்துகொண்டார், ஐந்துமுறையும் தோற்றார். ஒருமுறையேனும் முகம் சுளித்தாரில்லை. வென்ற நாட்டு மக்களே பணம் திரட்டி அவருக்குப் பொற்கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தனர். அவருடைய எரின் என்னும் கப்பலில் ஏழாம் எட்வர்ட் மன்னரும் விஞ்ஞானி எடிசனும் விருந்தினராயினர். எனினும் இங்கிலாந்தின் உயர்குடியினரது பாய்க்கப்பற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது 1931இல்தான். கடைக்காரர் என்பதே தடையாக இருந்ததென்று பேசப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் அவர் காலமானார். மணம் புரியாத அவர், தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகரத்து ஏழைகளுக்கே விட்டுச் சென்றார். முன்னர் 1897இலும் இலண்டன் நகரத்து ஏழைகளின் விருந்துக்குப் பெருந்தொகை வழங்கியவர் அவர்.

இத்தகைய நல்லவரின் வாழ்விலே ஒரு கேள்வியும் எஞ்சி நிற்கிறது. அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி எவர் கூடையில் நிறைந்தது? அவர் மலை வாங்கிய காலத்திலே தோட்டத் தமிழர் துண்டு முறையில் கட்டுண்டிருந்தனர். துண்டு என்பது தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு. அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தாலன்றி அவர் இடம் மாற இயலாது. அம்முறை ஒழிந்தது 1921இல். இது லிப்டன் வகுத்த முறையன்று. தோட்டத்துறை முழுவதிலும் நிலவிய வழக்கம். கொழுந்தெடுக்கும் பெண்ணின் உருவம் விளம்பரத் தாள்களில் உலகைச் சுற்றி வந்தது. அவள் பெயரை எவரும் கேட்டாரில்லை. தோட்டத்துக்கும் கெண்டிக்கும் இடையே தரகர் மட்டும் மறையவில்லை; உழைத்தவளும் மறைந்தாள்.

மலையை உச்சியிலிருந்து காண்பது ஒன்று. மலையடியில் உறங்குவது மற்றொன்று. 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் மலை சரிந்து, இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை ஊர் இழந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவிலே தோட்டக் குடியிருப்பு ஒன்றையும் மண் மூடியது. மலையின் அழகைப் பேசுவோர் அம்மலையில் வாழ்வோரின் பாதுகாப்பையும் பேசுதல் கடன் அன்றோ?

லிப்டனிடம் கற்கத் தக்கவை பல. உழைப்பில் நாணாமை, தோல்வியில் இன்முகம், எவரோடும் கலந்து பழகும் பண்பு ஆகியன அவற்றுட் சில. அவர் நட்பின் எல்லை மன்னர்வரை உயர்ந்தது. நகரத்து ஏழைவரையும் சென்றது. அதனைக் கொழுந்துக் கூடைவரை நீட்டுவது, இன்று தேயிலை விற்போரும் அருந்துவோரும் செய்துமுடிக்க வேண்டிய பணி.