சாக்கடைச் சாவும் சர்க்கார் கணக்கும்



இன்று நான் பேச வந்திருக்கும் விஷயம் நஷ்டஈட்டைப் பற்றியதாகும். சாக்கடைக் குழியிலும் மலக்குழியிலும் இறங்கி, விஷ வாயு தாக்கிச் செத்துப்போன மனிதர்களின் குடும்பங்களுக்குச் சர்க்கார் கொடுக்க வேண்டிய பணத்தைப் பற்றியும், அந்தப் பணம் போய்ச் சேருவதற்கும் சேராமல் போவதற்கும் காரணமாயிருக்கிற கணக்குகளைப் பற்றியுமே பேசப் போகிறேன். கணக்கு என்றவுடன், இது குமாஸ்தாக்களின் சமாசாரம், நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியல்ல, தோழர்களே! இந்த நாட்டில் ஒருவன் எந்த ஜாதியில் பிறந்தான் என்பதைக் குறித்து வைக்க எந்தக் காலத்திலும் ஆளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவன் எப்படிச் செத்தான் என்பதைக் குறித்து வைக்கத்தான் ஆள் அகப்படுவதில்லை.

சட்டம் சொல்லுவது என்ன?

மனிதன் மலத்தை மனிதனே அள்ளுகிற இழிவைத் தடுக்க 1993-ம் வருஷத்திலேயே ஒரு சட்டம் செய்யப்பட்டது. அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்து வந்ததால், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் சங்கத்தார் 2003-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மாநில சர்க்கார்கள் பலவும், “எங்கள் எல்லைக்குள் அப்படிப்பட்ட தொழிலே கிடையாது” என்று கோர்ட்டில் சத்தியம் செய்தன. சங்கத்தார் சும்மாயிருக்கவில்லை. ஊர் ஊராகப் போய் விவரம் சேகரித்துக் கோர்ட்டின் முன் வைத்தார்கள். வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே 2013-ல் இரண்டாவது சட்டம் வந்தது. 2014-ம் வருஷம் மார்ச்சு 27-ந் தேதி கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களைச் சர்க்கார் கண்டுபிடித்து, ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஒரு முக்கியமான பாகம். 2023-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி வந்த மற்றொரு தீர்ப்பில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தரமாக ஊனமானவர்களுக்கு 20 லட்சம் என்றும், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையக்கூடாதென்றும் சொல்லப்பட்டது. இறந்தவர்களின் விவரமும், நஷ்டஈடு கொடுக்கப்பட்ட நிலையும் தெரியும்படியாக ஒரு தேசிய இணையதளம் ஏற்படுத்த வேண்டும் என்றும் அத்தீர்ப்பில் கட்டளையிருக்கிறது.

இதில் “கண்டுபிடித்து” என்கிற ஒரு வார்த்தையை நீங்கள் கவனிக்க வேண்டும். விதவையானவள் சர்க்காரைத் தேடிக்கொண்டு போகவேண்டும் என்று கோர்ட்டார் சொல்லவில்லை. சர்க்கார்தான் அவளைத் தேடிக்கொண்டு போக வேண்டும் என்பதே தீர்ப்பு. ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? அவள்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள்.

கணக்கில் நடக்கும் வித்தை

இந்த அலைச்சலுக்குக் காரணம் பணமில்லாமையல்ல. கணக்கில் அவள் புருஷனுடைய சாவு இல்லாமையே காரணம். அந்த வித்தை எப்படி நடக்கிறதென்று பாருங்கள்.

2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், மனிதர் கையாலேயே மலம் அள்ளப்படும் கக்கூசுகள் 7,94,390 இருப்பதாகக் கண்டது. இதைச் சொன்னது சர்க்காருடைய கணக்கேதான், நம்முடைய கணக்கல்ல. அதற்குப் பிறகு 2013-லும் 2018-லும் அத்தொழிலாளிகளைத் தேடி எடுத்த கணக்குகளில் அகப்பட்டவர்கள் எல்லாம் சேர்ந்து 58,098 பேர். கக்கூசை எண்ணுவது சுலபமாயிருக்கிறது. அதைச் சுத்தம் செய்கிறவனை எண்ணுவதுதான் கஷ்டமாயிருக்கிறது! அவனை எண்ணிவிட்டால் அவனுக்கு வேறு பிழைப்புக் காட்டவேண்டிய பொறுப்பு வந்துவிடுகிறதல்லவா? அதனால்தான் கஷ்டம்.

இன்னொன்றைப் பாருங்கள். 2021-ம் வருஷத்தில், மலம் அள்ளும் தொழிலால் யாரும் செத்ததாகத் தகவலில்லை என்று பார்லிமெண்டில் மந்திரியார் பதில் சொன்னார். அதே வருஷத்தில், சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்யும்போது செத்தவர்கள் 941 பேர் என்றும் சொல்லப்பட்டது. அந்த 941-ல் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 213 பேர். இது எப்படி என்று கேட்பீர்கள். சட்டத்திலே “மலம் அள்ளுதல்” என்பதற்கு ஒரு அர்த்தமும், “அபாயகரமாகச் சாக்கடை சுத்தம் செய்தல்” என்பதற்கு வேறொரு அர்த்தமும் எழுதி வைத்திருக்கிறார்கள். செத்தவன் இரண்டாவது கலத்தில் போய் விழுந்துவிட்டால் முதல் கலத்தில் சைபர் போட்டுக் கொள்ளலாம். குழிக்குள் இருக்கும் விஷ வாயுவுக்கு இந்தச் சட்ட அர்த்தமெல்லாம் தெரியுமா? ஒரே மலம், ஒரே குழி, ஒரே சாவு. பெயர் மாத்திரம் இரண்டு!

இன்னும் கேளுங்கள். அந்த 58,098 பேரில் ஜாதி விவரம் தெரிந்தவர்கள் 43,797 பேர் என்றும், அவர்களில் 42,594 பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்றும் சர்க்காரே 2021-ல் சொல்லியிருக்கிறது. அதாவது 100-க்கு 97 பேர். கர்மபலன், முன்ஜென்ம வினை என்று பேசுகிற பண்டிதர்களைக் கேட்கிறேன். உங்கள் கர்மம் எண்ணி எண்ணி ஒரே வகுப்பாரின் தலையில் மாத்திரம் விழுவானேன்? இது கர்மமல்ல, தோழர்களே, மனிதன் செய்த ஏற்பாடு. மனிதன் செய்ததை மனிதனே மாற்ற முடியும். அதற்கு முதலாவது, உண்மையை உள்ளபடி எழுதி வைக்க வேண்டும்.

ருஜு செய்ய வேண்டியவர் யார்?

நஷ்டஈடு கேட்டுப் போகிற பெண்ணிடம் ஆபீஸில் என்ன கேட்கிறார்கள்? “உன் புருஷன் யாரிடம் வேலை செய்தான்? அதற்குச் சீட்டு உண்டா? சம்பளப் பட்டியலில் அவன் பெயர் உண்டா?” என்று கேட்கிறார்கள். 2022, 2023 வருஷங்களில் நடந்த இப்படிப்பட்ட சாவுகளில் 54-ஐ எடுத்துக்கொண்டு மத்திய சர்க்காரே ஒரு பரிசோதனை செய்வித்தது. அந்த 54 பேரில் சர்க்கார் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் 5 பேர்தான். 38 பேர் தனித்தனியாகக் கூலிக்குக் கூப்பிடப்பட்டவர்கள். 49 பேர் பாதுகாப்புக் கருவி ஒன்றுமே அணிந்திருக்கவில்லை. கையுறைகூடக் கொடுக்காதவன் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பானா? இல்லாத சீட்டைக் கொண்டு வா என்பதும், செத்தவனை எழுப்பிக் கொண்டு வந்து சாட்சி சொல்லச் சொல் என்பதும் ஒன்றுதானே!

போலீசில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனைச் சீட்டு இருக்கிறது. பிணத்தை மேலே தூக்கிய தீயணைப்புப் படையாரிடம் குறிப்பு இருக்கிறது. முனிசிபாலிட்டியில் இறப்புப் பதிவு இருக்கிறது. இவ்வளவும் சர்க்காருடைய பெட்டிகளிலேயே இருக்கின்றன. ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்குக் காகிதம் போவதற்கு, கைக்குழந்தையோடு ஒரு பெண் தூது நடக்க வேண்டுமா? இந்தக் கம்ப்யூட்டர் காலத்திலும் அவளை நடக்க வைப்பது சோம்பேறித்தனமல்ல, கொடுமையென்றே சொல்லுவேன்.

“அப்படியெல்லாம் தாராளமாய்க் கொடுத்தால் ஏமாற்றுக்காரர்கள் வந்துவிடுவார்களே” என்று சில புத்திசாலிகள் சொல்லுகிறார்கள். வரட்டும், அதற்கும் வழியில்லாமலில்லை. கொரோனாக் காலத்தில் என்ன நடந்தது? இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுப்பதை 2021-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒப்புக்கொண்டபோது, இறப்புச் சீட்டில் அந்நோயின் பெயர் எழுதப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் இல்லையென்று சொல்லக்கூடாது என்றார்கள். பொய்ச் சீட்டுகள் வருகின்றன என்று புகார் வந்தவுடன் எல்லோருக்கும் நிறுத்தி விடவில்லை. 2022 மார்ச்சில், நான்கு மாநிலங்களில் வந்த மனுக்களில் 100-க்கு 5 வீதம் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று அனுமதித்தார்கள். இதுதான் அறிவுள்ள முறை. நூறு பேரையும் திருடனென்று நினைத்து வாசலில் நிறுத்தி வைப்பதற்கும், நூறு பேருக்கும் உரியதைக் கொடுத்துவிட்டு ஐந்து மனுவைச் சோதித்துப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஜாபிதாவே விலங்காகக் கூடாது

ஆனால், கணக்கு வேண்டும் வேண்டும் என்று சொல்லுகிற நாம் மற்றொரு பக்கத்தையும் யோசிக்க வேண்டும். நஷ்டஈட்டுக்காகவும் புனர்வாழ்வுக்காகவும் எழுதப்படுகிற ஜாபிதாவில் ஒருவன் பெயர், தெரு, ஜாதி, தொழில் எல்லாம் இருக்கும். அந்த ஜாபிதா காண்ட்ராக்டர் கைக்குப் போனால், “இதோ ஆள் இருக்கிறான்” என்று மறுபடியும் அவனையே குழிக்குக் கூப்பிடுவான். வாத்தியார் கைக்குப் போனால், அவன் பிள்ளையிடம் பள்ளிக்கூடத்து விளக்குமாறு வந்து சேரும். வீட்டுக்காரன் கைக்குப் போனால் வாடகைக்கு வீடு கிடைக்காது. இழிவைப் போக்க எழுதின காகிதமே இழிவை நிலைக்கச் செய்யும் காகிதமாகிவிடும். மனுதர்மம் ஒன்று போதாதா? கம்ப்யூட்டரிலும் ஒரு மனுதர்மம் எழுத வேண்டுமா?

ஆகையால், எந்தக் காரியத்துக்காக விவரம் வாங்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு மாத்திரமே அது பயன்பட வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டியது தொகையும் எண்ணிக்கையும், எந்த ஜில்லாவில் எத்தனை சாவு, எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதும்தான். குடும்பத்தின் பெயரும் தெருவும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். யார் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. ரேஷன் கார்டில் ஒரு எழுத்தும் ஆதாரில் ஒரு எழுத்தும் மாறியிருந்தால், “கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை” என்று சொல்லி மனுவைத் திருப்பிவிடுகிறார்கள். முன்னே “சாமி உத்தரவு கொடுக்கவில்லை” என்று பூசாரி சொன்னான்; இன்றைக்குக் கம்ப்யூட்டர் உத்தரவு கொடுக்கவில்லை என்று குமாஸ்தா சொல்லுகிறான். இரண்டிலும் பேசுகிறவன் மனிதன்தான். பொறுப்பைத்தான் வேறொன்றின் தலையில் போட்டுவிடுகிறான். இல்லையென்று சொல்லுவதானால் ஒரு அதிகாரி தன் கையெழுத்தைப் போட்டு, காரணத்தைத் தமிழில் எழுதி, அப்பீல் யாரிடம் செய்துகொள்வது என்பதையும் குறித்துக் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் குடும்பத்துக்குத்தான் போக வேண்டும்.

கருணையா, கடனா?

சர்க்கார் பாஷையில் இப்படிப்பட்ட பணத்துக்குப் பல சமயம் “கருணைத் தொகை” என்று பெயர் வைக்கிறார்கள். சுயமரியாதைக்காரன் இந்த வார்த்தையை லேசில் ஒப்புக்கொள்ளக்கூடாது. சட்டப்படி இறக்கக்கூடாத குழியில் ஒருவனை இறக்கிக் கொன்றுவிட்டு, அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடுப்பது கருணையா? அது கடன், தோழர்களே! கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் தர்மப்பிரபு ஆகமாட்டான். இரக்கம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இரக்கம் இருக்க வேண்டிய இடம் வேறு. வந்தவளை உட்காரச் சொல்லுவதில் இருக்கட்டும். ஒரே கதையைப் பத்து மேஜையில் பத்துத் தடவை சொல்லி அழ வைக்காமல் இருப்பதில் இருக்கட்டும். காரியம் முடிக்கும் வேகத்தில் இருக்கட்டும். பணம் உரிமையாக வரட்டும்.

அதுமட்டுமல்ல. செத்தவர்களின் கணக்கு இருக்கிறவர்களைக் காப்பாற்றவும் உதவ வேண்டும். எந்த ஊரில், எப்படிப்பட்ட குழியில், எந்தக் காண்ட்ராக்டரின் வேலையில், எந்தக் கருவி இல்லாததால் செத்தார்கள் என்று எழுதிப் பார்த்தால், இயந்திரம் எங்கே முதலில் போகவேண்டும், வழக்கு யார்மேல் வரவேண்டும் என்பது தானாகவே தெரியும். இதைச் செய்யாமல் பணத்தை மாத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தால், அது பிணத்துக்கு விலை கட்டுகிற வியாபாரமாகத்தான் முடியும்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். நமது சங்கம் உள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இப்படி ஒரு சாவு நடந்ததும் அன்றைக்கே தேதி, இடம், யார் சொல்லி இறங்கினார், போலீஸ் வழக்கு எண் என்ன என்பதை எழுதிக் கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர்களோடு ஆபீஸுக்குத் துணைக்குப் போங்கள். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் சட்டத்தின்படி கேளுங்கள். சர்க்கார் சைபர் போட்டால் உங்கள் நோட்டுப் புத்தகம் சாட்சி சொல்லட்டும். அந்தக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் அவர்கள் பெயரை மேடையில் சொல்லாதீர்கள். புத்தகத்தைப் பூட்டி வையுங்கள். சங்கத்தார் கையால் சேர்த்த விவரம்தான் 2014-ல் சர்க்கார்களின் சத்தியத்தைப் பொய்யாக்கியது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மலக்குழியில் மனிதன் இறங்காத நாள் வரும்போது இந்தப் புத்தகத்துக்கு வேலையிருக்காது. அந்த நாள் வரும் வரையில் ஒரு சாவுகூட எழுதப்படாமல் போகக்கூடாது.